போதகர் கையில் கொடுத்த நோட்டுகள் யாருக்குச் சொந்தம்?

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒன்பது பக்கங்களில் எழுதிய கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பெயரையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஓய்வுநாள் பள்ளியில் கீர்த்தனைப் புத்தகத்தை வைத்து அவருக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தவர் அந்தச் சபையின் போதகர். டர்பன் நகரில் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து, நிறவெறி ஆட்சியில், 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு அகற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று போதகருடையது. பகலில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊழியம் என்று வாழ்ந்தவர். சபையிடம் அவர் சம்பளம் வாங்கியதில்லை. பெட்ரோல் செலவுக்கு மட்டும் ஏதோ கொடுப்பார்களாம். தான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனதும், பெண்கள் கூட்டத்தில் முதன்முதலாகப் பேச எழுந்ததும், கணவரை இழந்த ஆண்டில் நிலைகுலையாமல் நின்றதும் அவர் கைபிடித்து நடத்தியதால்தான் என்று வாசகி எழுதுகிறார்.

2022-இல், கண்பார்வை மங்கத் தொடங்கியபோது, போதகர் அவரை வீட்டுக்கு அழைத்து 23 நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லாம் கறுப்பு அட்டையும் சிவப்பு முதுகும் கொண்ட, நம் ஊரில் கவுண்டர் புக் என்று சொல்லும் நோட்டுகள். நாற்பது ஆண்டுப் பிரசங்கங்கள் தமிழில் எழுதப்பட்டு, தமிழ் தெரியாத இளையோருக்காக ஓரத்தில் ஆங்கிலச் சொற்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. “இவை என் தோற்சுருள்கள், மகளே, பத்திரமாக வைத்துக்கொள்” என்று சொல்லிக் கொடுத்தாராம். 2024 ஆகஸ்டில், 86-ஆம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உயில் எதுவும் எழுதவில்லை.

வாசகி அந்தப் பிரசங்கங்களில் நாற்பதைத் தட்டச்சு செய்து, நினைவு நூலாக அச்சிட அச்சகத்தாருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் போதகரின் மூத்த மகன் நோட்டுகளைத் திருப்பித் தரும்படி தொலைபேசியில் கோபமாகக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சபையின் செயலாளரோ, “எங்கள் பிரசங்க பீடத்தில் சொல்லப்பட்டவை அனைத்தும் சபையின் சொத்து” என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். நோட்டுகள் யாருடையவை, நூலை வெளியிடலாமா, போதகரின் வாழ்க்கையில் நடந்த ஒரு கசப்பான சம்பவத்தை எழுதலாமா என்பவையே வாசகியின் மூன்று கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் சட்டத்தைப் பற்றிய வரிகளைவிட அந்த மனிதரைப் பற்றிய வரிகளே அதிகம். அவர் வெட்டும் மேசையில் மீந்த சுண்ணக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கரும்பலகை இல்லாத அறையின் சிமெண்டுத் தரையில் உங்களுக்கு ‘அ’ எழுதிக் காட்டியதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். என் பதிலின் முடிவும் அங்கேதான் போய்ச் சேரப்போகிறது என்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நோட்டுகள் உங்களுடையவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவற்றிலுள்ள பிரசங்கங்களைத் தொகுத்து வெளியிடும் உரிமை இன்றைய நிலையில் உங்களுக்கு இல்லை. சபைக்கும் பெரும்பாலும் இல்லை. உங்கள் நினைவுகளை எழுதும் உரிமை முழுக்க முழுக்க உங்களுடையது. அனுமதி தரக்கூடியவர்களில் முதன்மையானவரிடம் இதுவரை யாருமே எதையும் கேட்கவில்லை. இவை தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நான் சொல்பவை. மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் இருந்து இதைப் படிப்பவர்கள் தங்கள் நாட்டு நிலையைத் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தாள் வேறு, பிரசங்கம் வேறு

“கையில் கொடுத்துவிட்டார், ஆகவே என்னுடையது” என்பது நல்லெண்ணத்தில் எழும் தவறான முடிவு. இங்கே இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, 23 நோட்டுகள் என்ற பொருள். மற்றொன்று, அவற்றில் எழுதப்பட்ட பிரசங்கங்களின் பதிப்புரிமை. முதலாவது உங்களுக்கே அன்பளிப்பாக வந்திருந்தாலும், இரண்டாவது அதோடு கூடவே வந்துவிடாது. 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பதிப்புரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். அப்படியொரு தாள் உங்களிடம் இல்லை.

“சுவிசேஷம் யாருக்கும் சொந்தமில்லை, பிரசங்கத்துக்கு ஏது உரிமை” என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுவிசேஷம் எல்லோருக்கும் பொதுவானதுதான், ஆனால் ஒரு மனிதர் அதை விரித்துச் சொன்ன சொற்கள் அவருடைய படைப்பு. இது என் சொந்த விளக்கம் அல்ல. ‘இலக்கியப் படைப்பு’ என்பதற்கு நம் சட்டம் தரும் பட்டியலிலேயே கடிதங்கள், சொற்பொழிவுகள் ஆகியவற்றோடு பிரசங்கங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எழுத்திலோ ஒலிப்பதிவிலோ பதிந்திருந்தால் பாதுகாப்பு உண்டு; எழுதியவர் இறந்த ஆண்டின் இறுதியிலிருந்து ஐம்பது ஆண்டுகள் அது நீடிக்கும். போதகர் பீடத்தில் நின்று சொன்ன பிரசங்கங்களுக்கு அது 2074-இன் கடைசி நாள்வரை என்று கணக்கு. பொதுவிடத்தில் ஆற்றிய உரையைச் செய்தித் தேவைக்காகப் பத்திரிகையில் எடுத்துப் போடலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதே இடத்தில், அத்தகைய உரைகளைத் தொகுப்பாக வெளியிடும் உரிமை அவற்றை ஆற்றியவருக்கு மட்டுமே என்றும் சட்டம் சொல்கிறது. நீங்கள் அச்சகத்தில் கொடுத்திருப்பது அப்படியொரு தொகுப்பைத்தான்.

இனி அந்த ‘தோற்சுருள்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லைச் சொன்னதாலேயே அவர் உங்களைத் தன் வாரிசாக்கினார் என்பது உங்கள் வாதம். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவன் வசத்தில் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார் பவுல். கார்ப்பு அவற்றைக் காத்து வைத்திருந்தான், ஆனாலும் அவை பவுலுடையவையாகவே இருந்தன. வேதத்தை எழுத்தெண்ணிப் படித்த ஒரு போதகர், “பத்திரமாக வைத்துக்கொள்” என்று அந்தச் சொல்லையே எடுத்துச் சொன்னபோது அன்பளிப்பைத்தான் மனதில் வைத்தார் என்று ஒரு நீதிபதி எளிதில் முடிவு செய்ய மாட்டார். நம் சட்டம் அன்பளிப்பை ஊகித்துக்கொள்வதில்லை. அன்பளிப்பு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். உங்களிடம் ஒப்படைத்தது நம்பிக்கையின் அடையாளம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காவலாக ஒப்படைத்ததாகவும் அதைப் படிக்க முடியும் என்பதுதான் உங்கள் பக்கத்தின் பலவீனம்.

உங்கள் சொந்த டேப் ரெக்கார்டரில் பதிவு செய்த கேசட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தவரே அந்தப் பதிவின் ஆக்குநர் என்பதால், அந்தப் பதிவுகளின் உரிமை உங்களுடையது. அவற்றுக்குள் ஒலிக்கும் பிரசங்கத்தின் உரிமை அதில் அடங்காது.

சபையின் கடிதம்

செயலாளரின் கடிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை ஒப்பந்தத்தின் கீழ், அந்த வேலையின் பகுதியாக ஒருவர் எழுதிய படைப்பின் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது உண்மை. சபை அதைத்தான் மறைமுகமாகச் சொல்கிறது. ஆனால் வேலை ஒப்பந்தம் ஒன்று இருந்திருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். ஆங்கிலிக்கன் திருச்சபை தொடர்பான ஒரு வழக்கில் நம் தொழிலாளர் நீதிமன்றம் 2001-இலேயே, குருவானவருக்கும் திருச்சபைக்கும் இடையில் இருந்தது வேலை ஒப்பந்தம் அல்ல என்று தீர்ப்பளித்தது. முழுநேரக் குருவானவருக்கே அந்த நிலை என்றால், தொழிற்சாலைக் கூலியில் குடும்பத்தை நடத்திவிட்டு இரவில் பிரசங்கம் எழுதிய உங்கள் போதகரைச் சபையின் ஊழியராகக் காட்டுவது கடினம். சபையின் அமைப்பு விதிகளிலோ, அவர் கையெழுத்திட்ட வேறு எந்தத் தாளிலோ இதற்கு மாறான ஏற்பாடு இருந்தால் மட்டும் நிலை மாறும். அப்படியேதும் இருந்தால் நகல் தரும்படி செயலாளருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதிக் கேளுங்கள். சபையே செய்த ஒலிப்பதிவுகள் சபையுடையவை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவர்

கடிதம் முழுக்க மூத்த மகனோடுதான் வாதாடுகிறீர்கள். “மூத்த மகன்தானே வாரிசு” என்ற வரியும் இருக்கிறது. நம் குடும்பங்களில் கொள்ளி வைப்பவருக்கே உரிமை என்ற பழைய எண்ணம், மதம் மாறிய பிறகும் மனதைவிட்டுப் போகவில்லை. 1987-ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தில் மூத்த மகனுக்கென்று தனி இடம் கிடையாது. மனைவியும் பிள்ளைகளும் இருக்கையில், மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது சேரும். அதற்கு முன்பே, திருமணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளாத தம்பதியர் என்றால், வழக்கமாகப் பொதுச் சொத்தின் பாதி மனைவியுடையதாகவே இருக்கும். போதகர் விட்டுப்போனது ஒரு சிறு வீட்டின் பங்கும் கொஞ்சம் சேமிப்பும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பதிப்புரிமையும் நோட்டுகளும் உட்பட அனைத்தும், அல்லது அவற்றில் பெரும்பகுதி, அவருடைய துணைவியாருக்கே போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

அந்த அம்மா 81 வயதில், உங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறார். ஒன்பது பக்கத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று போகவில்லை.” நீங்கள் தயங்கியதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பக்கமிருந்து பாருங்கள். கணவரின் கையெழுத்து இருந்த பை வீட்டைவிட்டுப் போயிற்று, எடுத்துப் போனவர் பத்து மாதமாக வாசலுக்கு வரவில்லை. மகனுடைய கோபத்தில் பாதி அங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னால் படிக்க முடியாத மொழியில் தன் தந்தை எதை எழுதிவைத்தார் என்று தெரியாத ஒரு மகனின் அச்சமும் அதில் இருக்கும். அதையும் இரக்கத்தோடு எண்ணிப் பாருங்கள்.

சட்ட முறைப்படி நோட்டுகளைத் திருப்பிக் கேட்கும் அதிகாரம், இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தை மேற்பார்க்கும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமித்தவருக்கே உண்டு. சொத்தின் மதிப்பு 2,50,000 ராண்டுக்குள் என்றால் ‘அதிகாரக் கடிதம்’ என்ற எளிய ஏற்பாட்டில் குடும்பத்தில் ஒருவரையே நியமிப்பார்கள். அந்தக் கடிதம் யார் பெயரில் இருக்கிறது என்று பணிவாகக் கேட்பது உங்கள் உரிமை. தொலைபேசியில் கேட்டார் என்பதற்காகக் கூரியரில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஓரக்குறிப்புகளும் அந்தச் சம்பவமும்

உங்கள் கேள்விகளில் இல்லாத, ஆனால் என்னை அதிகம் கவலைப்படவைத்த விஷயம் இதுதான். ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் கீழே ‘ஜெபிக்க’ என்று எழுதி, சபையாரின் பெயர்களையும் அவர்கள் கஷ்டத்தையும் போதகர் குறித்து வைத்திருக்கிறார் என்றும், அவருடைய பாரத்தை வாசகர் உணர வேண்டுமென்று அதையும் தட்டச்சு செய்ததாகவும் சொல்கிறீர்கள். அதில் ஒருவருடைய மகன் ‘சுகர்ஸ்’ என்ற போதைப்பொருளுக்கு அடிமையானது இருக்கிறது, இன்னொருவர் வீட்டில் நடந்த அடிதடி இருக்கிறது. இவர்களில் பலர் இன்றும் உங்களோடு பந்தியில் அமர்கிறவர்கள். போதகரிடம் கண்ணீரோடு சொன்னதை அச்சில் பார்த்தால் அவர்கள் தனியுரிமை மீறலுக்காக உங்கள் மீது வழக்குத் தொடரலாம். 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உயிரோடு இருப்பவர்களின் உடல்நலத் தகவல்களைத் தனிக் கவனத்தோடு காக்கிறது. குடும்பம் முழுச் சம்மதம் தந்தாலும் இந்தக் குறிப்புகளை அச்சிடும் சம்மதத்தை அவர்களால் தர முடியாது. இன்றே அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டு அச்சகத்தாருக்குச் சொல்லுங்கள்.

போதகர் 1987-இல் ஓர் இளம்பெண்ணைச் சபை முன்னால் நிறுத்திக் கண்டித்ததையும், பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று மன்னிப்புக் கேட்டதையும் எழுத விரும்புகிறீர்கள். இறந்தவர் மீது அவதூறு என்று நம் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்பதால், போதகரைப் பொறுத்தவரை தடை இல்லை. ஆனால் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார். “உண்மையைத்தானே எழுதுகிறேன்” என்ற பதில் இங்கே போதாது. தென்னாப்பிரிக்காவில் உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்பதும் சரியல்ல, ஏனென்றால் இருநூறு குடும்பங்கள் உள்ள சபையில் அது யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவரிடம் எழுதியதைக் காட்டிக் கேளுங்கள். சம்மதித்தால் எழுதுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். அவர் சம்மதிப்பார் என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்தச் சம்பவத்தின் இரண்டாம் பாதியைப் பார்த்த வேறொருவர் இல்லை.

இனி என்ன செய்யலாம்? அச்சகத்தாரிடம் வேலையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிறகு, பிரசங்கத் தொகுப்பையும் உங்கள் நினைவு நூலையும் இரண்டாகப் பிரியுங்கள். தொகுப்புக்குக் குடும்பத்தின் கையெழுத்து வேண்டும், அது கிடைக்கும்வரை காத்திருக்கலாம். நினைவு நூலுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அதில் அவருடைய பிரசங்கத்திலிருந்து தேவையான அளவு மேற்கோள் காட்டலாம்; மேற்கோள் நியாயமான அளவில் இருந்து, மூலமும் சொன்னவர் பெயரும் குறிப்பிடப்பட்டால் சட்டம் அதை அனுமதிக்கிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன்: எனக்கு நீங்கள் அனுப்பிய இரண்டு மாதிரிகளில், தட்டச்சு செய்த பிரசங்கத்தைவிட, சிமெண்டுத் தரையில் எழுதிய ‘அ’ வரும் பக்கத்தில்தான் அந்த மனிதரை நான் கண்டேன். பிரசங்கங்கள் நோட்டில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் அச்சேறலாம். அந்தத் தரை உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

நோட்டுகளைக் குடும்பத்திடம் கொடுக்க நேர்ந்தாலும் அவை அழியாமல் இருக்க வழி தேட வேண்டும். என் பெரியப்பா தேவாரம் எழுதிவைத்த நோட்டுகளை, வாசிக்க ஆளில்லை என்று ஒரு வீடு மாற்றத்தின்போது எங்கள் குடும்பத்தினரே குப்பையில் போட்டுவிட்டோம். இருபது வருடமாக அது என்னை உறுத்துகிறது. ஆகவே பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமிப்பதையும், வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் ஒரு படியை ஒப்படைப்பதையும் குடும்பத்திடம் முன்வையுங்கள். ஜெபக் குறிப்புகள் உள்ள பகுதிகளைப் பொதுப்பார்வைக்குத் தரக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அம்மாவைப் பார்க்கப் போகும்போது ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வழக்கறிஞர் பெயரையும் எடுக்காதீர்கள். முதல் நோட்டை மட்டும் கொண்டுபோய் அவர் மடியில் வையுங்கள். கண் தெளிவாக இல்லையென்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். போகும் முன் மகனுக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் கேட்டால் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புங்கள். தன் தந்தை எழுதியதை அவர் முதன்முதலாகப் படிப்பது உங்கள் மூலமாக இருக்கட்டும்.

கையெழுத்து பிறகு வரும் வேலை. அந்தத் தாள் ஒரே பக்கமாக இருந்தால் போதும். எந்தப் பிரசங்கங்கள், எத்தனை படிகள், விற்றுவரும் பணம் யாருக்கு, நோட்டுகள் யாரிடம் இருக்கும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உரிமை பெற்ற ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். வாய்ச்சொல்லால் கிடைக்கும் அனுமதியும் செல்லும் என்றாலும் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுவிடலாம் என்பதால் எழுத்தில் வாங்குவதே நல்லது. ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு படிகள் தயார் செய்து எனக்கு அனுப்புங்கள், கட்டணமில்லாமல் பார்த்துத் தருகிறேன். தமிழ்ப் படியை அம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.